அவள் நினைத்ததாக நான் எழுதியது

தேஜோன்,
டிசம்பர் 21

தாசோமின் அம்மாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கிம்ச்சிப் பெட்டி வந்து சேர்ந்தது. முள்ளங்கி இன்னும் புளிக்கவில்லை. தரையைச் சூடாக்கும் கொதிகலனைப் பழுது பார்த்தாயிற்று. என் இரத்த அழுத்தம் மருத்துவர் சொன்ன அளவுக்குள் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

போன வாரம் ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தாள். தலைநகரிலுள்ள ஒரு நாளிதழின் பெயரைச் சொல்லி, என் குறுநாவல் அவர்களுடைய புத்தாண்டு இலக்கியப் போட்டியில் தேர்வாகியிருக்கிறது என்றாள். மூச்சு விடாமல் பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டையின் நகல் எல்லாம் வேண்டும் என்றாள். முதியோர் மன்றத்துக்கு வந்த காவல்துறை அதிகாரி, மோசடிக்காரர்கள் கேட்பார்கள் என்று சொன்னவை அத்தனையும் அதே வரிசையில் வந்தன. நான் அவளிடம், "ஏம்மா, குரலைக் கேட்டா படிச்ச பொண்ணு மாதிரி இருக்கு. வேற நல்ல வேலை பாரும்மா. வீட்ல அப்பா அம்மா இருப்பாங்கல்ல?" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தேன். மறுபடியும் அழைத்தாள். அந்த எண்ணை முடக்கிவிட்டுக் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து தாசோம் அழைத்தாள். விண்ணப்பத்தில் அவளுடைய எண்ணையும் கொடுத்திருந்ததால் பத்திரிகைக்காரர்கள் அவளைப் பிடித்துவிட்டார்கள். "அப்பா, ஊர்ல எல்லாரும் மோசடிக்காரன்கிட்ட ஏமாறுறாங்க. வீடு தேடி வந்த அதிர்ஷ்டத்தைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்" என்று சிரித்தாள். அந்தப் பெண் அலுவலகத்தில் அழுதாளாம். மன்னிப்புக் கேட்டு அவளுக்கு எழுதியிருக்கிறேன்.

ஆக, செய்தி உண்மை. நான் நாவல் எழுதுகிறேன் என்பதே உனக்குத் தெரியாது. முப்பது வருடங்களுக்கு மேல் நீதிமன்றச் செய்தியும் தீ விபத்தும் எழுதியவனுக்கு இந்த வயதில் இது எதற்கு என்று நீ கேட்கலாம். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. நடுவர்கள் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

ஆனால் சிக்கல் வேறு. கதையில் ஒரு நிருபரும் அவர் மனைவியும் வருகிறார்கள். அறுபது வயது முடிந்ததும் அந்த மனைவி ஒரு பெட்டியோடு தன் பிறந்த ஊருக்குப் போய்விடுகிறாள். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். இருந்தாலும் நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் ஏமாறப்போவதில்லை. நீ போனபோது, "இது விவாகரத்து இல்ல, சண்டையும் இல்ல. படிப்பு முடிஞ்சு பட்டம் வாங்குற மாதிரி கல்யாணத்துலேயும் பட்டம் வாங்கிக்கிறேன், இப்ப நிறைய பேர் செய்றதுதான்" என்றாய். அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை. கதையில் அந்தக் காரணத்தை நானாக எழுதியிருக்கிறேன். அவள் மனதில் என்ன ஓடியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பத்திரிகையில் இருந்தபோது ஒருவர் வாயால் சொல்லாததை அவர் நினைத்தார் என்று ஒரு வரிகூட எழுதியவனில்லை நான். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

முழுப் பிரதியையும் இத்துடன் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். உன் சம்மதம் இல்லாமல் வெளியிட மாட்டேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். இருபத்தாறாம் தேதிவரை பொறுத்திருப்பதாக ஆசிரியர் சொன்னார். அதன்பின் பரிசு அடுத்த இடத்தில் இருப்பவருக்குப் போய்விடும். தாசோமுக்கு என்மேல் கோபம். ஆனால் நீ வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுதப் பார்த்தேன், அது பொய். வருத்தம் இருக்கும், சில வாரங்களில் சரியாகிவிடும்.

தோங்யோங்கில் கடல் காற்று கடுமையாக இருக்குமே, கழுத்தை மூடிக்கொள். உன் தங்கை சுனேவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மேங் கிதாக்


தேஜோன்,
டிசம்பர் 26

தாசோமின் அம்மாவுக்கு,

இன்று காலை நீ அழைத்தபோது நான் "ம்" என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. கேட்காமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே. நீ சொன்னது எல்லாம் அப்படியே காதில் இருக்கிறது.

"முதல்ல ஒண்ணு சொல்றேன் எழுத்தாளரே" என்று ஆரம்பித்தாய். "உங்க கதையில அவ பொழுதன்னைக்கும் ஜன்னல்கிட்ட உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டே இருக்கா. இங்க கடைக்கு வந்து பாருங்க. இது சிப்பிக் காலம். ஓட்டை உடைச்சு உடைச்சு விரல் மரத்துப்போகுது. கடலைப் பாக்க எவளுக்கு நேரம் இருக்கு?"

பின்னாலிருந்து சுனேவின் குரல் கேட்டது. "அக்கா, தங்கச்சிக்காரியை ஏன் இவ்வளவு குண்டா எழுதினாருன்னு அத்தானைக் கேளு." நீ அவளை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாய். "அவ உங்க மேல கோபத்துல போனாளாம். கோபம் இருந்தா நான் ஏன் போறேன்? அங்கேயே இருந்து சண்டை போட்டிருப்பேனே. அப்புறம், ரயில்ல அவ அழுதாளாம். நான் அவிச்ச முட்டை தின்னுட்டு நல்லாத் தூங்கினேன். ஒண்ணு விடாம எல்லாமே தப்பு."

அப்போதே கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். ஆசிரியரிடம் என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, இதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாய்: "ஊர்ல உள்ளவங்க எல்லாரையும் கேள்வி கேட்டீங்க. என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. நான் வீட்ல இல்லாததுகூட உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். ஆனா, ஒரு ஆளைப் பத்தி இவ்வளவு தப்பா எழுதணும்னா, எத்தனை நாள் அந்த ஆளையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

தவறுகளைத் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன். "தொடாதீங்க. அது அவ கதை, அப்படியே இருக்கட்டும். என்னோடது வேற. அச்சுல போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

உடனே ஆசிரியருக்குச் சம்மதம் சொன்னேன். நான் புகார் கொடுத்த அந்தப் பெண்தான் தொலைபேசியை எடுத்தாள். "ஐயா, இப்ப வங்கிக் கணக்கு எண் கேக்கலாமா, இல்ல மறுபடியும் போலீஸ் வருமா?" என்றாள். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். புத்தாண்டு காலையில் அறிவிப்பு வரும். வசந்தத்தில் புத்தகமாக வரும் என்கிறார்கள். அடுத்து என்ன எழுதப்போகிறீர்கள் என்றும் கேட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

காலையிலிருந்து என் மனதில் ஒரே ஒரு கேள்விதான். தொலைபேசியில் கேட்கத் துணிவு வரவில்லை, இங்கே கேட்கிறேன். நீ ஏன் போனாய்?

பதிலைத் தபாலில் எழுத வேண்டாம். நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். ஒன்றாம் தேதி காலை முதல் பேருந்தில் புறப்பட்டால் மதியத்துக்குள் உன் சிப்பிச் சாப்பாட்டுக் கடை வாசலில் இருப்பேன். பரிசு பெற்ற அன்று வீட்டில் இருந்து வாழ்த்துகளை வாங்கிக்கொள்வதுதான் முறை என்று தாசோம் சொல்கிறாள். வாழ்த்துகள் காத்திருக்கும். புத்தாண்டுக்குச் செய்யும் அரிசிமாவுக் கொழுக்கட்டைச் சூப்பில் எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி வை. கூட்டம் அதிகமாக இருந்தால் கடை மூடும்வரை ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பேன், யாருக்கும் இடைஞ்சலாக இருக்க மாட்டேன். நீ சொல்வதை எழுதிக்கொள்ளவும் மாட்டேன்.

வர வேண்டாம் என்றால் ஒரு வரி அனுப்பு. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் எங்கேயும் போனவன் இல்லை, உனக்கே தெரியும். இந்த ஒருமுறை எடுத்துக்கொள்கிறேன்.

நீயும் சுனேவும் வரும் ஆண்டு முழுவதும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

உன்,
கிதாக்