அண்ணன் இறந்த திகதி

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அம்பிட்டியவிலிருந்து நின்றபடியே பஸ். பார்மசியில் அரைநாள் லீவு, முதலாளிக்கு முகச்சுளிப்பு. அம்மா புசல்லாவையிலிருந்து ஏழு மணிக்கே வந்து கண்டி ஸ்டாண்டில் காத்திருந்தாள்.

நஷ்டஈட்டு அலுவலகம், மேல்மாடி. கொண்டுபோனவை: அண்ணனின் மரணச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி 2, கிராம சேவகர் கடிதம், பொலிஸ் அறிக்கை, அண்ணன் படம். படத்தை யாரும் கேட்கவில்லை. அம்மா அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அலுவலர் யாழ்ப்பாணத்துக்காரர். பைல்களின் மேல் வடைப் பொட்டலம். எண்ணெய் யாருடைய சாவில் ஊறியதோ.

"பஸ்ஸில குண்டு வெடிச்சது இருபதாம் திகதி. மகன் செத்தது முப்பத்தோராம் திகதி எண்டு இதில கிடக்கு. அப்ப பதினொரு நாள் உயிரோட இருந்தவரோ?"

எரிந்து கிடந்தவர்களில் அண்ணன் எது என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. அம்மா பதினொரு நாள் வாசலையே பார்த்திருந்தாள். பிறகு கோயில் ஐயர், பங்குனி அமாவாசையைத் திதியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மரணத்தைப் பதியும்போது திகதி கேட்டார்கள், அம்மா திதியைச் சொன்னாள்; அந்த வருசம் அது மார்ச் முப்பத்தொன்று. அவளுக்கு அவன் செத்தது அன்றைக்குத்தான்.

விளக்கினேன். வடையை மென்றபடி, "அது உங்கட சமய விசயம், தங்கச்சி."

மார்ச் 5

வெயில். குடையை நேற்று பஸ்ஸில் விட்டிருக்கிறேன். கிராம சேவகருக்கு போன். "உங்க அம்மா சொன்னதத்தான் எழுதினேன்" என்றார். உத்தமர்.

நேற்று அந்த வடைக்காரருக்கு எத்தனை "சரி சேர்"? ஆறு. என்னை நினைத்தாலே அருவருப்பு.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடி மேல்மாடி. வடைக்கார மேதை வழி கண்டுபிடித்துவிட்டார். சத்தியக் கடதாசி, தட்டச்சு செய்து தயார்: 'நான் கூறிய திகதி பிழை. அன்று என் மகன் இறக்கவில்லை.' அம்மா கைநாட்டு வைத்தால் திருத்தலாம். இல்லையென்றால் பைல் மூடல். என்ன ஒரு சேவை!

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த அசிங்கத்தை வாசித்துக் காட்டும் வேலை எனக்கு.

"நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கா?"

"தேதி மட்டுந்தாம்மா. வச்சுருங்க."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அப்ப இத்தன வருசமா அமாவாசைக்கு நான் படைச்ச சோத்த யாருடி தின்னது?"

அவர் மைப்பெட்டியைத் தள்ளினார். "கெதியா வையுங்கோ, வெளியில ஆக்கள் நிக்கினம்."

அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கியது நான்.

மார்ச் 12

தலைவலி. முதலாளி லீவுக்குச் சம்பளம் வெட்டிவிட்டார். அம்மா போனை எடுக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நாளை பங்குனி அமாவாசை. மார்க்கெட்டில் வாழைக்காய், பூசணிக்காய், எள் வாங்கியாயிற்று. அம்மா இன்றுதான் போனை எடுத்தாள். விடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே வருகிறேன், திதிக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கு வாற? அன்னைக்கு எம்புள்ள சாகலன்னு நீதான என் கையப் புடிச்சு வச்ச."