வட்டியைக் குறைத்துக் கொடுத்த அப்பா

விஸ்கான்சின்
மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் குளிர் விடும்வரை முனகிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஆல்புகர்க்கி வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். ஏரியில் பனிக்கட்டி இன்னும் இறுகித்தான் கிடக்கிறது, ஆனாலும் அதன்மேல் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், நானும் பனிக்கட்டிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசையைக் கரைக்கு இழுத்து வந்துவிட்டேன். உன் அம்மா கல்லறைப் பக்கம் பனி நிறைய, போன வாரம்தான் வழி வெட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அது உனக்கே தெரியும்.

உன் கடிதம் கிடைத்தது. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலக வேலையை விட்டுவிட்டுக் கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகப்போகிறேன், வருடத்துக்குப் பதினெட்டாயிரம் டாலர் கூடுதலாகக் கிடைக்கும், படிப்புக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். கடைசியில், "நீங்க சொன்னதுதான் சரிப்பா, சமூகவியல் படிச்சது என் முட்டாள்தனம்" என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கப்போவதில்லை. எத்தனை வருடமாகச் சொல்லி வந்தேன். நன்றித் திருநாளுக்கு வான்கோழி வெட்டுகிற ஒவ்வொரு நவம்பரிலும் மேஜையில் எல்லார் முன்னாலும், "சமூகவியல் கிலோ என்ன விலைக்குப் போகுதும்மா?" என்று உன்னைக் கேட்காமல் நான் விட்டதில்லை. அதனால் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நம்ம ஊர் பாரில் வாராவாரம் போடுகிற வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு இந்த வாரம் போனேன். காகித ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஆர்லினிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

நான் பையில் கைவைப்பதற்குள் ஆர்லின் எல்லாருக்கும் பீர் சொல்லிவிட்டான். அவன் காசில் பீர் வாங்கி நான் பார்த்ததே இல்லை, என்னடா விசேஷம் என்று கேட்டேன். "என் பொண்ணு கடனைக் கவர்மென்ட்டே தள்ளிடுச்சுடா டுவேன்! இருபத்தாறாயிரம்! போச்சு!" என்று மேஜையைத் தட்டினான். அவன் மகள் ஜோலீனும் கூடத்தான் இருந்தாள், உன்னோடு ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் அதே சமூகவியல் படித்தவள், இங்கே முதியோர் நல அலுவலகத்தில் இருக்கிறாள். அரசாங்கத்திடம் வாங்கிய படிப்புக் கடனை அரசு வேலையில் இருந்துகொண்டு பத்து வருடம் தவறாமல் கட்டினால் மீதியைத் தள்ளிவிடுவார்களாம், அவளே எனக்கு விளக்கினாள். நான் விரல் விட்டு எண்ணினேன். உனக்குப் போன அக்டோபரோடு பத்து வருடம் முடிந்துவிட்டது. அப்போ கிர்ஸ்டனுக்கும் வருமே என்று கேட்டேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவ கடன் இப்ப கவர்மென்ட்கிட்ட இல்லையே அங்கிள், பேங்க்ல இருக்கு" என்றாள்.

மீன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தாய், உன்னை வண்டியில் ஏற்றி பேங்குக்குக் கூட்டிப்போனது நான்தான். ஏழு சதவீத வட்டியை நாலாகக் குறைத்து, கடனை அரசாங்கத்திடமிருந்து பேங்குக்கு மாற்றி, பக்கத்தில் நானும் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஆலை முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கையெழுத்துக்கு முன்னால் நீ என் கையைத் தொட்டு, "அப்பா, பத்து வருஷம் கட்டினா மிச்சத்தைத் தள்ளிடுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, கொஞ்சம் விசாரிச்சுட்டுப் போடலாமா" என்று கேட்டாய். நான் சிரித்தேன் கிர்ஸ்டன். "கவர்மென்ட் கடனைத் தள்ளுமாம்! சமூகவியல் படிச்ச பொண்ணாச்சே, எதையும் நம்பும்" என்றேன், அந்த மேனேஜரும் கூடச் சேர்ந்து சிரித்தான். நீ கையெழுத்துப் போட்டாய்.

இதையாவது தாங்கிக்கொள்வேன். கிளம்பும்போது ஜோலீன் வாசல்வரை வந்து, "பேங்குக்கு மாத்தினதால அது கிடைக்காதுன்னு அவளுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் அங்கிள். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, அவரு உடைஞ்சு போயிடுவாருன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. இன்னிக்கு வாய் தவறிடுச்சு" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வண்டியில் ஏறி உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீங்க சொன்னதுதான் சரி என்று என் மனம் நோகாமல் இருக்கத்தான் எழுதியிருக்கிறாய். என் தப்பை உன் படிப்பின் தலையில் போட்டுக்கொண்டாய். வண்டியைக் கிளப்பாமல் அங்கேயே அழுதேன். உன் அம்மா போனதற்கு அப்புறம் இப்படி அழுததில்லை.

உன் படிப்பு குறைந்த சம்பளம்தான் தருகிறது, அதில் நான் மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஏற்றபடி ஒரு வழியும் வைத்திருந்தார்கள், அதை அடைத்தது உன் படிப்பு இல்லை, நான். நடு ராத்திரி போலீஸ் கூப்பிட்டால் எழுந்துபோய், யார் வீட்டுக் குழந்தையையோ போர்வையில் சுற்றித் தூக்கி வருகிற வேலை அது. களைத்துப்போய் வேலையை விடுகிறாய் என்றால் தாராளமாக விடு, ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கடனுக்காக விடாதே. பாக்கி பதினெட்டாயிரம் என்று ஜோலீன் சொன்னாள். அந்தக் காகிதத்தில் என் பெயரும் இருக்கிறது, இனி மாதாமாதம் தவணையை என் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்ல நாளைக்குக் காலையில் பேங்குக்குப் போகிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், பெயர் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதே.

நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கவேண்டும், உன் கைக்கு வருகிற குழந்தைகளும் நல்லா இருக்கவேண்டும், கர்த்தர் உன்னைக் காக்கட்டும். கார் டயரைப் பார்த்து மாற்று, தேய்ந்து மொட்டையாகிவிட்டது என்று போன தடவையே சொன்னாய். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய், என்னைத் திட்டு. பேங்கிலிருந்து திரும்பும்போது வண்டியில் திட்டியிருக்கவேண்டியது, எட்டு வருடமாக உள்ளேயே வைத்திருக்கிறாய். நீ திட்டாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அப்பா,
டுவேன் டோலஃப்சன்