டிரில் டீச்சர் ஏலம் போன வருஷம்

1938 செப்டம்பர் 19, திங்கள்

கையெழுத்து அழகாக இருப்பதும் ஒரு தண்டனைதான். இத்தனை டீச்சர்கள் இருக்கிற பள்ளியில் அறிவிப்புப் பலகையில் எழுதும் வேலை மட்டும் எப்போதும் என் தலையில். இன்று காலை பெரிய டீச்சர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று எழுதினேன்.

அக்டோபர் 15 – அறுப்பின் பண்டிகை. மாலையில் ஏலம்.
அக்டோபர் 29 – விளையாட்டு விழா.
நவம்பர் 1 – புதிய டிரில் ஆசிரியை மிஸ் ரூபவதி சென்னையிலிருந்து வந்து வேலை ஏற்பார்.

மூன்றாவது வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடுகூடப் போட்டேன். இறங்கிச் சாக்பீஸ் தூளைத் தட்டும்போதுதான் உறைத்தது. புது டிரில் டீச்சர் வந்தால், இரண்டு வருஷமாக இந்த மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தும் பழைய டிரில் டீச்சர் என்ன ஆவாள்?

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன் ஜெயம்," என்றார் பெரிய டீச்சர். எப்படித் தெரியும்? கனவிலா வந்து சொன்னார்கள்?

நேரே மிஸ்ஸியம்மாவின் பங்களாவுக்குப் போனேன். எங்கள் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியை நடத்தும் வெள்ளைக்கார அம்மாள். தமிழை வேதாகமத்தில் படித்தவர், பேச்சும் அப்படியேதான். "ஜெயம், நீ கலங்காதே. டிரில்லுக்குரிய சர்டிபிகேட் உன்னிடத்தில் இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார். கண்டாச்சிபுரத்திலாவது வேறெங்காவது உனக்கு ஓர் இடம் உண்டாகுமானால், பண்டிகைக்குப் பின்பு சொல்லுவேன்."

உண்டாகுமானால்! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் தின்று தூங்க வேண்டும்.

செப்டம்பர் 20

கோபம் தீரவில்லை. மாணவிகளை மைதானத்தைச் சுற்றி இன்னும் இரண்டு சுற்று ஓடவிட்டேன். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

செப்டம்பர் 25, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போனேன். கிளியனூர்ப் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு மேல் நடந்தால் எங்கள் சேரி. அம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலையைக் கொட்டி மண் உதறிக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து அவளுக்குத் துணை ஒரு வெள்ளாடு மட்டும்தான். நான் இந்தப் பக்கத்திலேயே இருப்பதால் வாரம் ஒரு முறையாவது முகத்தைப் பார்க்கிறாள்.

"இன்னாடி, மூஞ்சிய உர்ருனு வெச்சிக்கினு வர்ற?"

"என் வேலைக்கு மெட்ராஸ்லேந்து ஆள் வர்றாங்கம்மா. என்ன கண்டாச்சிபுரத்துக்கு அனுப்பனாலும் அனுப்புவாங்க. இல்லனா வேலையே இல்ல."

"கண்டாச்சிபுரமா? அது எந்தச் சீமையில கீது?"

"பண்டிக அன்னிக்குத் தெரிஞ்சிடும்," என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவைத்தேன். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. மண் உதறுவதையும் நிறுத்தவில்லை. நான் கிளம்பும்போது மட்டும் வரப்பு முடியும் வரை கூடவே வந்தாள்.

அக்டோபர் 6, வியாழன்

பண்டிகைக் கூட்டம். நிலம் உள்ளவர்கள் விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். கூலிக்காரர்கள் கூலியாகக் கிடைத்த கேப்பையிலோ மல்லாட்டையிலோ ஒரு முறம். டீச்சர்களுக்கு ஏது விளைச்சல்? அதனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு நாள் உழைப்பைக் காணிக்கையாகக் கொடுத்துவிடுவோம். மாலையில் அதையும் பூசணிக்காய், கோழிகளோடு சேர்த்து ஏலம் விடுவார்கள். எடுத்தவருக்கு அந்த ஒரு நாள் நாம் வேலை செய்ய வேண்டும்.

தையல் டீச்சரின் நாளுக்கு எப்போதும் கிராக்கி. போன வருஷம் என் டிரில்லை ஒருவரும் சீந்தவில்லை. வாட்ச்மேன் தாண்டவராயன் பரிதாபப்பட்டு இரண்டணாவுக்கு எடுத்து, நாள் முழுக்க என்னைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வைத்தார். கேட்டால், "இதுவும் ஒரு டிரில்லுதானேம்மா" என்றார். கை இரண்டு நாள் தூக்க முடியவில்லை.

இந்த வருஷமும் அதையேதான் கொடுத்தேன்: ஒரு நாள் டிரில், கோலாட்டம், கும்மி. போகிற போக்கில் இதற்கென்ன குறைச்சல்.

அக்டோபர் 12, புதன்

மிஸ் ரூபவதி வந்துவிட்டாள்! நவம்பர் என்று பலகையில் எழுதிய சாக்பீஸ்கூட இன்னும் அழியவில்லை. மழைக்கு முன்னால் வந்துவிடலாமென்று ரயிலேறிவிட்டாளாம். வேறு அறை இல்லை, என் அறையில்தான் கட்டில் போட்டார்கள். எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

இரண்டு வார்த்தை சூடாகப் பேச வேண்டுமென்று தயாராக இருந்தேன். அவள் பெட்டியைத் திறந்து பாதி ரொட்டியை என் கையில் திணித்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா, நீங்க என்ன பாடம்?" டிரில் என்றேன். முகம் செத்துவிட்டது. "நான் வர்றதால உங்களுக்கு வேல போகுதா? எனக்கு யாருமே சொல்லலக்கா." கண்ணில் தண்ணீர் வேறு. கடைசியில் நான்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. இவள் மேல் கோபப்படக்கூட வழியில்லை. குறட்டை மட்டும் பலமாக விடுகிறாள். அந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 15, சனி

எங்கிருந்து தொடங்குவது? சிரிப்பா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

கோயில் முற்றம் நிறைய ஜனம். சுற்றுப்பட்டுச் சபைகள் எல்லாம் வந்திருந்தன. ஏலம் போடுபவர் உபதேசியார் பெரியதம்பி ஐயா. அவருக்கு ஏலம் என்றால் பாதி கூத்து. சேவலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார், பூசணிக்காயைத் தாலாட்டுவார். தையல் டீச்சரின் நாள் போயிற்று. அடுத்தது நான். டிரில், கும்மி என்று விளக்கிச் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது. என்னைக் கையைப் பிடித்து மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "ஜெயம் டீச்சர்! ஜெயம் டீச்சர் ஒரு தரம்!" என்று கத்திவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கண்டாச்சிபுரம் சபையிலிருந்து வந்திருந்த மூப்பர் விருத்தாசலம் ஐயா விளையாட்டாகக் கையைத் தூக்கி, "கண்டாச்சிபுரம் நாலணா!" என்றார். தாண்டவராயன் விடுவாரா? "அஞ்சணா! தோட்டம் காயுது!" "கண்டாச்சிபுரம் எட்டணா!"

அப்போது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல். "என் ஆட்ட எடுத்துக்குங்க!"

அம்மா. எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"யம்மா அஞ்சம்மா," என்றார் உபதேசியார், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு நாளுக்கு ஒரு ஆடா?"

"ஒரு நாளோ ஒரு வருஷமோ, எனக்குத் தெரியாது. கண்டாச்சிபுரத்துக்கு என் பொண்ண வுடமாட்டேன். ஆடு பத்தலனா சொல்லுங்க, வூட்டுக் கதவு கீது."

முற்றம் குலுங்கச் சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது எனக்கு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போதுதான் புரிந்தது. பண்டிகை அன்று தெரிந்துவிடும் என்று நான் சொல்லிவைத்தேனே! டீச்சர்களை ஊர் ஊராக அனுப்புவதே இந்த ஏலத்தில்தான் என்று நினைத்துவிட்டாள். அதிகம் கேட்கிற சபைக்கு ஜெயம்.

எங்கள் சேரிப் பெண்களும் அப்படியே நினைத்தார்களோ, அல்லது அம்மா தனியாக நிற்கிறாளே என்றோ தெரியாது. ஒருத்தி எழுந்து, காணிக்கைக்குக் கொண்டுவந்த மல்லாட்டைக் கூடையைத் தூக்கிப்போய் மேசை மேல் வைத்தாள். "இதையும் அவ ஆட்டோட சேத்துக்குங்க." பிறகு இன்னொரு கூடை. பிறகு இன்னொன்று. சிரிப்பு மெல்ல அடங்கிவிட்டது. விருத்தாசலம் ஐயா கையை இறக்கிக்கொண்டார். உபதேசியார் கூத்தை விட்டு, மெதுவாக "மூணு தரம்" என்றார்.

ஏலம் கலைந்ததும் அம்மாவிடம் ஓடினேன். "ஏம்மா இப்படிப் பண்ண?" என்றேன்.

"என் அப்பன பண்ணையில அடமானமா வெச்சப்போ எழுந்து நின்னு கேக்க ஒரு ஆளு இல்லடி. உனக்கு நான் கீறேன் இல்ல." என் கன்னத்தைத் தடவினாள். "இனிமே உன்ன எங்கயும் அனுப்ப மாட்டாங்க இல்ல?"

மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? தாங்கவில்லை எனக்கு.

அக்டோபர் 16, ஞாயிறு

அம்மாவின் ஆடு இப்போது கோயில் சொத்து. பள்ளித் தோட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். காலை ஆராதனையில் மிஸ்ஸியம்மா ஜெபம் சொல்லும்போதெல்லாம் அது பதில் சொன்னது. ரூபவதி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

அக்டோபர் 22, சனி

எடுத்தவருக்கு நாளைக் கொடுக்க வேண்டுமே. சேரிக்குப் போனேன். வருகிறேன் என்று ரூபவதியும் ஒட்டிக்கொண்டாள்.

பத்துப் பிள்ளைகள் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். களத்துமேட்டில் உட்கார இடமில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள், ஆட்டைப் பிடித்துக்கொண்டே வந்த பிள்ளைகள். காலையில் டிரில், வெயில் ஏறியதும் வேலமர நிழலில் மணலில் எழுத்து, மாலையில் கோலாட்டம். கழனியிலிருந்து திரும்பிய பெண்களும் கும்மிக்கு வந்துவிட்டார்கள். கால் மாற்றி வைக்கத் தெரியாமல் ரூபவதி அவர்களோடு மோதிக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மைதானத்திலும் கத்தியதில்லை.

எல்லோரும் போனபின் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ஏலம் ஒரு நாளைக்கு மட்டும்தான். நவம்பர் ஒன்றிலிருந்து என் கதி இன்னும் மிஸ்ஸியம்மா கையில்தான். அழுவாள் என்று பயந்தேன்.

"அப்போ என் ஆடு?" என்றாள் அம்மா. அந்தக் குரல் எனக்குத் தெரியும். கூலியில் ஒரு படி குறைந்தால் வருகிற குரல்.

அக்டோபர் 24, திங்கள்

டிரில் நேரத்தில் பார்த்தால் பள்ளி வாசலில் எங்கள் சேரிப் பெண்கள்! கூலிக்குப் போகவில்லை ஒருத்தியும். அம்மா முன்னால். தாண்டவராயன், "எங்க போறீங்க, எங்க போறீங்க" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடுகிறார். நேரே பங்களா. நானும் ஓடினேன்.

"ஆடு குடுத்தோம், மல்லாட்ட குடுத்தோம்," என்றாள் அம்மா மிஸ்ஸியம்மாவிடம். "ஒரு நாளு எங்களுக்குப் பத்தாதுங்க."

"நான் என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறீர்கள்?"

"ஊர்ப் பள்ளிக்கூடத்துல எங்க புள்ளைங்கள வாசலுக்கு வெளியில குந்த வெக்கிறாங்க. மழ வந்தா வூட்டுக்குப் போன்னு சொல்றாங்க. களத்துமேடு எங்களுது. கொட்டாய் நாங்களே போட்டுக்கறோம், ஓலையும் நாங்களே மேஞ்சிக்கறோம். டீச்சர மட்டும் நீங்க குடுங்க."

மிஸ்ஸியம்மா பெரிய டீச்சரைக் கூப்பிட்டார். விஷயம் என்னவென்றால், எங்கள் மாணவிகள் பாடம் நடத்திப் பழக எங்களுக்கென்று மாதிரிப் பள்ளி கிடையாது. காலி பெஞ்சுகளுக்குத்தான் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் அதையும் வருஷா வருஷம் எழுதுகிறார். பெரிய டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிரில்லுக்குத்தான் இவகிட்ட சர்டிபிகேட் இல்ல. பாடம் நடத்த இருக்கே."

மிஸ்ஸியம்மா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஸ்திரீயே, கூரை வேய்ந்தபின் எனக்குச் சொல்லியனுப்பு," என்றார்.

ஸ்திரீயே என்று தன்னை யாரும் அழைத்ததில்லை என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாளாம்.

அக்டோபர் 29, சனி

விளையாட்டு விழா. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. சாக்கு ஓட்டம் சேற்றில் நடந்தது. நானும் ரூபவதியும் ஆளுக்கொரு வரிசையை நடத்தினோம். அவளிடம் விசிலைக் கொடுத்துவிட்டேன். மனசு கொஞ்சம் வலித்தது, கொஞ்சம்தான்.

நவம்பர் 26, சனி

கூரை வேய்ந்தாயிற்று. மழைக்கு நடுவே இடைவெளி பார்த்து ஆணும் பெண்ணுமாக முடித்துவிட்டார்கள். காலைக் கூட்டத்தில் மிஸ்ஸியம்மா ஆசிரியர் அறிவிப்பு வாசித்தார். மாதிரிப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஜெயம். தையல் டீச்சர் என் தொடையில் கிள்ளிவிட்டார். நல்ல வலி, கனவில்லை.

டிசம்பர் 5, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. பயிற்சி மாணவிகள் ஆறு பேர் என்னோடு வந்திருந்தார்கள். பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் அம்மா. கழனிக்குப் போகிற அவசரம். கையில் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"டீச்சரம்மா, வணக்கங்க. இந்தப் புள்ளையச் சேத்துக்குங்க. அப்பன் ஆத்தா கயினிக்குப் போயிட்டாங்க."

குழந்தையை வாங்கி உட்கார வைத்தேன். மாணவிகளுக்கு அவள் என் அம்மா என்று தெரியாது. சொல்லலாமென்று திரும்புவதற்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "இன்னாம்மா இது? பெத்த பொண்ண வாங்க போங்கன்னு! எனக்கு உடம்பே கூசிப்போச்சு."

அம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "வூட்ல நீ என் பொண்ணு, திட்டுவேன், அடிப்பேன். அங்க நீ டீச்சரு. நானே உன்ன வாடி போடின்னா, நாளைக்கு ஊர்க்காரன் இன்னான்னு கூப்புடுவான்?"

பிறகு, களி ஆறிக்கினு கீது, ஜல்தியா குந்தித் தின்னுடி என்று திட்டினாள். உட்கார்ந்து தின்றேன்.