நேராகத் தைத்த பாய்

மார்ச் 3
படகு மன்றத்தில் பேசிக்கொள்வது தவறு. என் துடுப்புப் படகில் பாய் கட்டுவது மறைந்த கணவரின் நினைவாக அல்ல. அவர் இருந்தவரை கட்டவே விடவில்லை. முப்பது வருடம் நான் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டேன். அவர் பின்னால் உட்கார்ந்து திசை சொன்னார். எனக்குக் காற்றில் போக ஆசை. எழுபத்திரண்டில் ஆசை வரக்கூடாதா?

பாய் கட்ட மன்றச் செயலாளரின் நிபந்தனை: 31ஆம் தேதிக்குள் ஏரியின் அக்கரை போய், துடுப்பைத் தொடாமல் திரும்ப வேண்டும். தவறினால் படகை மன்றக் கொட்டகையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 9
தச்சர் என் பழைய முன்னிருக்கையில் துளையிட்டுப் பாய்மரம் நட்டார். படகு பக்கவாட்டில் வழுக்காதிருக்க இருபுறமும் பலகை, பின்னால் சுக்கான். இனி பின்னிருக்கை எனக்கு!

மார்ச் 16
பாய் தைத்தாயிற்று. நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் எங்கள் தையலை ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். இன்றும் என் தையல் நூல் பிடித்தாற்போல் நேர். இஸ்திரியும் போட்டேன்.

மார்ச் 20
அவமானம். நல்ல காற்று, பாயோ பலகை மாதிரி விறைத்து நின்றது. படகு ஊர்ந்து போய் நாணலில் சொருகிக்கொண்டது.

தச்சர் சொன்னார்: "இவ்ளோ நேராத் தைச்சா காத்து எங்கம்மா உக்காரும்? பாய்க்குத் தொப்பை வேணும், என்னை மாதிரி."

போனில் மகள் சிரித்த சிரிப்பு! "அம்மா, நீ ஒரு கோணல் தையலாவது போட்டிருக்கியா?"

இல்லையடி.

மார்ச் 21
பிரித்தேன். முழுவதும்.

மார்ச் 27
ஓரங்களை வளைத்து வெட்டித் தைத்தேன். பார்க்கவே கூசுகிறது. சிஸ்டர் மன்னிக்கட்டும்.

மார்ச் 30
போனேன்! பாய் புடைத்தது, கயிறு கையை இழுத்தது, படகு ஒருக்களித்தது — ஐயோ என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன், இந்த முறை சும்மா. திரும்பும்போது எதிர்க்காற்று, நேராக வரவே முடியாதாம். ஒன்பது முறை திருப்பி, கோணல்மாணலாக வந்து சேர்ந்தேன்.

கரையில் செயலாளர்: "காத்து உங்களுக்குச் சாதகமா இருந்துச்சு, மேடம்."

"போகும்போது சரி. வரும்போதுமா?"

மனுஷன் குனிந்து துடுப்பைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

மார்ச் 31
செயலாளரிடம் கொடுத்த கடிதத்தின் நகல்:

ஐயா, நேற்று அக்கரை சென்று திரும்பினேன். துடுப்பு கட்டியது கட்டியபடி இருந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். கொட்டகையில் என் படகுக்கு இடம் உண்டா? சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். அதற்குள் பதிலை எழுத்தில் தரவும்.