ஒன்றாகத் தெரிந்த புகைபோக்கிகள்

இல்லை ஆன்ட்டி, அப்பாவிடம் மறுபடி சொல்லவில்லை. ஒருமுறை சொன்னேன். போதும்.

காப்பித்தூள் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தேன். நீங்கள் வாங்கும் அதே கடை, சிக்கரி கொஞ்சம் தூக்கலாக. ஒன்று மேஜை மேல் இருக்கிறது. கட்டி வைத்த சாமான்களுக்கு நடுவே உங்கள் சமையலறை வாசனை.

நம் குவார்ட்டர்ஸ் வரிசையை இடிக்கப் போகிறார்கள். பக்கத்தில் உங்கள் வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் கழற்றியாகிவிட்டது. நாங்கள் வேறு பிளாக்குக்கு மாற வேண்டும். அங்கேயும் இதே வீடுகள்தான். அதே மஞ்சள் சுவர், அதே பச்சைக் கேட்.

நான் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா உங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, "காப்பி குடும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டார். நீங்களும் போட்டுக் கொடுத்தீர்கள். பாதி குடித்த பிறகுதான் எதிர்ச்சுவரில் குற்றால அருவிப் படத்தைப் பார்த்திருக்கிறார். பதறி எழுந்தவரை நீங்கள் விடவில்லை.

"இருங்க அண்ணாச்சி. மிச்சத்தையும் குடிச்சுட்டு வெக்கப்படுங்க."

"எல்லா வூட்டையும் ஒரே மாரி கட்டி வச்சிகினு..." என்று அப்பா முணுமுணுத்ததை உங்கள் தென்காசி நாக்கில் நடித்துக் காட்டுவீர்கள். பிளாக் முழுக்கச் சிரித்தது.

அன்று மாலையே அப்பா ஓர் அடையாளம் கண்டுபிடித்தார். எங்கள் கேட்டில் நின்றால், பழைய அனல்மின் நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகளும் ஒன்றன்பின் ஒன்று மறைந்து ஒன்றாகத் தெரியும். உங்கள் கேட்டில் நின்றால் நடுவே ஒரு கீற்று வானம். கேட்டைத் திறக்குமுன் திரும்பிப் பார்ப்பார். ஒன்று என்றால் வீடு.

ரிட்டயர் ஆனார். அம்மாவுக்குக் கம்பெனி ஸ்கூலில் வேலை இருந்ததால் குவார்ட்டர்ஸ் எங்களிடமே தங்கியது. பிறகு மறதி. கடைக்காரர் பெயர், காலையில் சாப்பிட்டது, சில நாள் நான். புகைபோக்கி மட்டும் மறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் நினைவுச் சின்னங்கள் பற்றிப் படித்தேன். ஒரு கட்டடத்தை எப்போது காப்பாற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாக. இந்தப் புகைபோக்கிகள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவற்றைத் தகர்த்த அன்று எல்லோரும் மொட்டைமாடியில் நின்றோம். முதலில் சாய்ந்தன. சத்தம் பிறகு வந்தது. யாரோ கைதட்டினார்கள். நான் எடுத்த வீடியோவில் நீங்கள் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறீர்கள். அப்பாவை.

மறுநாள் அவர் உங்கள் நாற்காலியில் இருந்தார். கூட்டிப்போக வந்த என்னை அடுப்படிக்கு இழுத்தீர்கள்.

"வீடு மாறி வந்துட்டீங்கன்னு சொன்னா கூசிப் போயிருவாரு. குடிக்கட்டும். தானா எந்திரிப்பாரு."

எழுந்தார். "வரேம்மா, வூட்ல தேடுவாங்க."

அதன்பின் பெரும்பாலான காலைகள் அப்படித்தான்.

நீங்கள் போன பிறகு ஒருநாள் சொன்னேன். "அந்த ஆன்ட்டி இறந்துட்டாங்கப்பா." குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் உங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு.

"உள்ள ஆளக் காணுமே. ஊருக்குப் போயிருக்குதா?"

"ஆமாப்பா."

"சொல்லிட்டுப் போவக் கூடாது?"

புது இடத்திலும் வீடு மாறிப் போவார். கதவைத் திறப்பது யாராக இருக்கும், என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. "யாருய்யா நீ" என்று ஒரு குரல் போதும். அப்புறம் அவர் வீட்டைவிட்டு இறங்கவே மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான்.

நீங்கள் முதலில் டம்ளரைத்தான் நீட்டுவீர்கள். இந்த வரிசையிலிருந்து நான் எடுத்துப்போக முடிவது அது ஒன்றுதான்.

இன்று மதியம் இன்னொரு காப்பித்தூள் பொட்டலத்தோடு புது பிளாக்குக்குப் போனேன். எங்களுக்குக் கொடுத்த வீட்டை நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த வீட்டின் பச்சைக் கேட்டைத் திறந்து, கதவைத் தட்டினேன்.