வீச்சகமும் வீச்சமும்

ரூபியா வாப்பாவுக்கு,

திருவேங்கடம் போற பஸ்ஸுக்கு நேரமாச்சு. சோறும் சாளை மீன் குழம்பும் அடுப்பு மேல இருக்கு.

ரூபியாவோட கணக்கு நோட்டைப் பார்த்தேன். கையெழுத்து உங்களுது. வகுப்புல அவளுக்குப் பாடம் எடுக்கவளே நான்தான், என்கிட்டயே இந்த வேலையா? சீ! xக்குப் போடக்கூடிய எண்களுக்குப் பேரு மதிப்பகம். √(x−3)க்கு அது எல்லா எண்ணும்னு எழுதியிருக்கிய. ரெண்டைப் போட்டா வர்க்கமூலத்துக்குள்ள மைனஸ் வராதா? அதாவது போவட்டும். வர்ற விடைகளுக்குப் பேரு வீச்சகம். நீங்க பக்கம் பூரா 'வீச்சம்'னு எழுதி வச்சிருக்கிய. பரீட்சைக்கும் நீங்களே போய் உக்காருவியளோ?

சாவியை எதிர்வீட்டு மாடத்தியக்காகிட்ட கொடுத்துட்டுப் போங்க.

ஆயிஷா சித்திகா,
கணக்கு டீச்சர்

மறந்துட்டேன்: மீன் செவுளும் குடலும் குப்பைக் கூடையில கிடக்கு, வெளிய கொட்டிருங்க. அதுல அடிக்குது பாருங்க, அதுக்குப் பேருதான் வீச்சம். உங்க மவ நோட்டுல அடிக்கதும் அதேதான்.