வலைக்குள் இல்லாத ஈ

ஆவணி மூன்று, புதன்கிழமை.

நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. சரியாக எழுதுகிறதா என்று பார்க்க எனக்கு எழுத்து தெரியாது.

சாயங்காலம் மகன் சங்கர் கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு எதையோ கையால் விரட்டினான்.

"என்னலே?"

"ஈப்பா."

வலைக்குள் ஈ இல்லை. நன்றாகப் பார்த்தேன்.

பங்குனியில் இடது கண் போவதற்கு முன்பும் சோற்றுத் தட்டின் மேல் இப்படித்தான் இல்லாத ஈயை விரட்டினான். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்களுக்குக் கண் நீண்டு, உள்ளே விழித்திரை மெலிந்து கிழியும், கிழியும்போது ஈ பறப்பதுபோல் தெரியும் என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர். மதுரையில் ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் கேஸ் ஏற்றி, குப்புறப் படுக்க வைத்தார்கள். பாதிப் பார்வைதான் திரும்பியது.

"வலது கண்ணுலயுமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "வெள்ளிக்கிழமை நிச்சயம் முடியட்டும்ப்பா. குடும்பத்துக்கே கண்ணுக் கோளாறான்னு வத்திராயிருப்புக்காரவிய கேப்பாவ."

வத்திராயிருப்பு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று பேத்தியின் சோடாபுட்டிக் கண்ணாடி காணாமல் போனதும் இவன் வேலைதானோ?

"இருக்கது ஒத்தக் கண்ணுலே. அதுவும் போயிட்டா மக கல்யாணத்த எதால பாப்ப? காலைல முத பஸ்ல மதுரைக்குக் கெளம்பு."

ராத்திரி சாப்பிடும்போது பேத்தியும் தட்டின் மேல் கையை வீசினாள். எழுந்து போய்ப் பார்த்தேன். ஈ இருந்தது.

இருந்தாலும் அவளையும் கூட்டிப் போகிறேன்.